‘அன்-பிரிப்பேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி? திருகோணமலை மாணவர்களுக்கும் வேலை தேடுவோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஆங்கிலம் பேச வேண்டிய இடங்கள் குறைவில்லை. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களின் வரவேற்பு மேசை, புறாத்தீவுக்குப் படகு புறப்படும் கரை, கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தின் விரிவுரை மண்டபம், தொண்டு நிறுவனங்களின் நேர்முகப் பரீட்சை என்று நீளும். மாலை வகுப்புக்கு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடங்களில் ஏதோ ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்களுக்கு அடிக்கடி தேவைப்படுகிற, ஆனால் அடிக்கடி இடம் மாறி விழுகிற ஒரு சொல் ‘அன்-பிரிப்பேர்ட்’.

அகராதி இதற்கு ‘ஆயத்தமில்லாத’ என்று பொருள் தருகிறது. பொருள் சரிதான். சிக்கல் மறுபக்கத்தில் இருக்கிறது. தமிழில் ‘ஆயத்தமில்லை’ என்று நாம் சொல்லும் இடங்கள் எல்லாவற்றிலும் இந்தச் சொல் பொருந்துவதில்லை. அறை ஆயத்தமில்லை, நான் பரீட்சைக்கு ஆயத்தமில்லை, அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்ய நான் ஆயத்தமில்லை ஆகிய மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வழியில் போகும். அந்த வழிகளைப் பிரித்துக் காட்டுவதே இந்த வழிகாட்டியின் வேலை.

முதற்படி: வாயில் சரியாக வரவேண்டும்

தமிழ் எழுத்தில் ‘ன்’ என்பதை அடுத்து ‘ப’ வந்தால் நாம் அதை மென்மையாக்கி விடுகிறோம். ‘அன்பு’ என்று சொல்லிப் பாருங்கள். அங்கே வரும் ‘பு’ வேறு, ‘புத்தகம்’ என்பதில் வரும் ‘பு’ வேறு. இந்த ஆங்கிலச் சொல்லிலும் ‘அன்’ என்பதை அடுத்து ‘பி’ வருவதால், நம்மில் பலர் அதை ‘அன்பில்’ என்பதில் வரும் ‘பி’ போல ஒலித்துவிடுகிறோம். அது தவறு. ‘பிள்ளை’ என்பதில் வரும் வல்லொலியே இங்கே வேண்டும். அதற்காகத்தான் நடுவில் ஒரு கோடு இட்டு எழுதியிருக்கிறேன். பேசும்போது இடைவெளி விட வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் நடுவில் கோடு கிடையாது.

அழுத்தம் கடைசி அசையில் விழும். ‘அன்’ சற்றே எழும்ப, ‘பிரி’ விரைவாகக் கடக்க, ‘பேர்ட்’ ஓங்கி ஒலிக்க வேண்டும். பிரித்தானிய உச்சரிப்பில் அந்த ‘ர்’ ஏறக்குறையக் கேட்காது. அமெரிக்க உச்சரிப்பில் நன்றாகக் கேட்கும். இரண்டும் சரியே. இறுதியில் ‘பேர்டு’ என்று ஓர் உகரத்தை ஒட்டவைக்காமல் நிறுத்தினால் போதும்.

எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு பொறி உண்டு. சோடி என்று பொருள்படும் ‘பேர்’ என்ற சொல்லின் ஒலி காதில் இருப்பதால், நடுவில் ‘ஐ’ எழுத்தையும் நுழைத்து எழுதுகிற மாணவர்கள் அதிகம். சரியான வரிசை இது: யூ, என், பி, ஆர், ஈ, பி, ஏ, ஆர், ஈ, டி.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

முன்னால் இருக்கும் ‘அன்’ எதிர்மறை. ‘நீதி’க்கு முன் ‘அ’ சேர்ந்து ‘அநீதி’ ஆவது நமக்குப் பழக்கமானது. வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த அந்த முன்னொட்டும் ஆங்கிலத்தின் ‘அன்’ என்பதும் மொழியியலில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே அதை மனத்தில் இருத்துவது நமக்குக் கடினமில்லை.

நடுவில் உள்ள ‘பிரிப்பேர்’ இலத்தீனிலிருந்து வந்தது. ‘முன்’ என்று பொருள்படும் ஒரு சிறு சொல்லும், ‘ஆயத்தம் செய்’ என்று பொருள்படும் வினையும் சேர்ந்தது. நம் மாவட்டத்தில் அனர்த்த முகாமைத்துவப் பயிற்சிகளில் ‘முன்னாயத்தம்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தமிழ்ச் சொல் இலத்தீன் அமைப்புக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. எனவே ‘அன்-பிரிப்பேர்ட்’ என்பதற்கு என் மாணவர்களுக்கு நான் தரும் பொருள் ‘முன்னாயத்தமில்லாத’ என்பதுதான். ‘முன்’ என்பது உள்ளே இருப்பதால், ஏதோ ஒன்று வருவதற்கு முன் செய்திருக்க வேண்டியது செய்யப்படவில்லை என்ற கருத்து தானாகவே வந்துவிடுகிறது.

கடைசியில் உள்ள ‘ஈ, டி’ இதைப் பெயரடையாக்குகிறது. அதை விட்டுவிட்டு ‘ஐ ஆம் அன்-பிரிப்பேர்’ என்று சொன்னால் வாக்கியம் உடைந்துவிடும். பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘அன்-பிரிப்பேர்ட்னஸ்’. அறிக்கைகளில் வரும், பேச்சில் அரிது.

மூன்றாம் படி: செயலையும் நிலையையும் பிரித்தறியுங்கள்

‘ஹி டிட் நாட் பிரிப்பேர்’ என்றால் அவன் ஆயத்தம் செய்யவில்லை. அது செயல். ‘ஹி வாஸ் அன்-பிரிப்பேர்ட்’ என்றால் அந்த நேரத்தில் அவன் ஆயத்த நிலையில் இல்லை. அது நிலை. முதல் வாக்கியம் உண்மையாக இருந்தால் இரண்டாவதும் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ஆனால் முதலாவது பொய்யாக இருக்கும்போதும் இரண்டாவது உண்மையாக இருக்கலாம். இந்தச் சொல்லின் முழு வலிமையும் இங்கேதான் இருக்கிறது.

உயர்தர மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பொது ஆங்கிலத்துக்குக் கடந்த கால வினாத்தாள்களையெல்லாம் செய்து முடித்திருக்கிறாள். இலக்கணம் கைவசம். வளாகத்துக்குத் தெரிவாகிப் போன முதல் வாரத்தில் விரிவுரையாளர் எழுந்து நின்று உங்களைப் பற்றிப் பேசுங்கள் என்கிறார். அவள் தடுமாறுகிறாள். அவள் ஆயத்தம் செய்யாதவள் அல்லள். எழுத்துப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தவள், பேச்சுக்கு ஆயத்தமின்றி நின்றாள். ‘ஷி ஹேட் ஸ்டடீட் ஹார்ட், பட் ஷி வாஸ் அன்-பிரிப்பேர்ட் ஃபார் ஸ்பீக்கிங்’ என்று சொன்னால் அவளுடைய உழைப்பும் குலையவில்லை, நடந்ததும் மறையவில்லை.

நான்காம் படி: ‘ஃபார்’ இல்லாமல் நிறுத்தாதீர்கள்

மேலே உள்ள வாக்கியத்தில் ‘ஃபார் ஸ்பீக்கிங்’ என்ற பகுதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘ஷி வாஸ் அன்-பிரிப்பேர்ட்’ என்பது அவளை ஒட்டுமொத்தமாகக் குறைத்து மதிப்பிடுவதாக மாறிவிடுகிறது. எதற்கு ஆயத்தமில்லை என்பதைச் சேர்க்கும்போதுதான் சொல் நியாயமாகிறது. இலக்கணப்படி அந்தப் பகுதி கட்டாயமில்லை. ஆனால் பழகும் காலத்தில் அதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவேன்.

இணைப்புச் சொல் ‘ஃபார்’ மட்டுமே. ‘அன்-பிரிப்பேர்ட் டு த எக்ஸாம்’ என்பதும் ‘அன்-பிரிப்பேர்ட் அபவுட் த எக்ஸாம்’ என்பதும் தவறு. ‘பரீட்சைக்கு’ என்பதில் உள்ள ‘கு’ உருபு, நம்மைத் தானாகவே ‘டு’ பக்கம் இழுத்துவிடுகிறது. வினைச்சொல் பின்னால் வந்தால் மட்டும் ‘டு’ வரலாம். ‘அன்-பிரிப்பேர்ட் டு ஆன்சர்’ என்றால் பதில் சொல்ல ஆயத்தமில்லாத நிலை.

‘ஃபார்’ என்பதன் பின் தீயதுதான் வரவேண்டும் என்று எண்ண வேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இராவணன் வெட்டின் விளிம்பிலிருந்து முதன்முறை கீழே கடலைப் பார்க்கும் ஒரு பயணி, ‘ஐ வாஸ் அன்-பிரிப்பேர்ட் ஃபார் த வியூ’ என்று சொல்லலாம். இப்படி ஒரு காட்சியை எதிர்பார்க்கவில்லை, மனம் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை என்ற வியப்பு அதில் இருக்கிறது. துயரத்துக்கும் இதே அமைப்பு உண்டு. நெருங்கிய ஒருவரின் நோய் தெரிந்தே இருந்தும், இறப்பு வந்தபோது தாங்க முடியவில்லை என்பதை ‘நத்திங் ஹேட் பிரிப்பேர்ட் மீ ஃபார் இட்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இரங்கல் கடிதம் எழுத நேர்ந்தால் இந்த அமைப்பை நினைவில் வைத்திருங்கள். கண்ணியமானது.

ஐந்தாம் படி: பயன்படுத்தக் கூடாத இடங்கள்

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் கடற்கரை விடுதியொன்றின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தார். நண்பகல் வெயிலில் பைகளோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்து நிற்கிறார்கள். அறை இன்னும் சுத்தம் செய்யப்படவில்லை. அவர் பணிவாக, சிரித்த முகத்துடன், ‘சாரி மேடம், யுவர் ரூம் இஸ் அன்-பிரிப்பேர்ட்’ என்றார். அந்தப் பெண்மணியின் புருவம் சுருங்கியது. அருகில் நின்ற மேற்பார்வையாளர் குறுக்கிட்டு, ‘யுவர் ரூம் இஸ் நாட் ரெடி யெட்’ என்று திருத்திச் சொல்லி, இளநீர் கொண்டுவரச் சொன்னார்.

இளைஞர் சொன்னதில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் ‘நாட் ரெடி யெட்’ என்றால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, சற்று நேரத்தில் முடியும் என்று பொருள். அந்த ‘யெட்’ ஒரு வாக்குறுதி. ‘அன்-பிரிப்பேர்ட்’ என்றால் நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்தும் யாரும் எதுவும் செய்து வைக்கவில்லை என்று காதில் விழுகிறது. ஆகவே அறை, சாப்பாடு, பில், டிக்கெட், ஆவணம், படகு ஆகியவற்றுக்கு எப்போதும் ‘நாட் ரெடி’ என்றே சொல்லுங்கள். ‘அன்-பிரிப்பேர்ட்’ என்பதைப் பெரும்பாலும் மனிதருக்கும் மனிதர் கூடிய அமைப்புகளுக்கும் ஒதுக்கிவையுங்கள். பொருள்களுக்கு இது வரும் இடங்கள் குறைவு. ஓடுபாதையாகச் செப்பனிடப்படாத நிலத்தில் விமானம் இறங்குவதைச் சொல்லும்போது விமானத்துறையில் இச்சொல் வரும். எழுதி வைக்காமல் பேசும் பேச்சையும் ‘அன்-பிரிப்பேர்ட் ஸ்பீச்’ என்பார்கள். அங்கே குறை எதுவும் இல்லை. பாடசாலை ஆங்கில தினப் போட்டியில் அதற்கு ‘இம்ப்ராம்ப்டு’ என்ற சொல்லே வழக்கம்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. ‘நாட் பிரிப்பேர்ட் டு’ என்ற அமைப்பு. பார்வைக்கு ‘அன்-பிரிப்பேர்ட்’ என்பதன் மறுவடிவம் போல இருக்கும். பொருளோ ‘முடியாது, சம்மதிக்க மாட்டேன்’ என்ற மறுப்பு. சமையலறை மூடிய பின் வந்த விருந்தினரிடம் ‘வி ஆர் நாட் பிரிப்பேர்ட் டு சேர்வ் லன்ச்’ என்று சொன்னால், உங்களுக்குச் சாப்பாடு தர எங்களுக்கு மனமில்லை என்பதாகவே அவர் எடுத்துக்கொள்வார். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் லன்ச் இஸ் ஓவர்’ என்பதே அங்கே தேவை. மாறாக, உண்மையிலேயே மறுக்க வேண்டிய இடத்தில் இது வலுவான ஆயுதம். பேசிய கூலியைக் குறைத்துத் தர முயல்பவரிடம் ‘ஐ ஆம் நாட் பிரிப்பேர்ட் டு அக்செப்ட் தேட்’ என்று ஒரு படகோட்டி சொன்னால், குரலை உயர்த்தாமலேயே காரியம் முடிந்துவிடும்.

‘அன்ரெடி’ என்ற சொல்லும் அகராதியில் உண்டு. பேச்சில் அதைத் தவிர்க்கலாம். கி.பி. 978 முதல் 1016 வரை, நடுவில் சிறிது காலம் நீங்கலாக, இங்கிலாந்தை ஆண்ட எதல்ரெட் மன்னனுக்கு ‘அன்ரெடி’ என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய சொல்லுக்கு ஆயத்தமில்லாதவன் என்று பொருள் இல்லை. நல்ல ஆலோசனை கிடைக்காதவன் என்பதே பொருள். அவன் பெயரின் பொருள் ‘உயர்ந்த ஆலோசனை’ என்பதால் அதை வைத்துச் செய்த சொல் விளையாட்டு அது. பிற்காலத்தில் ஆங்கிலேயரே அந்தப் பொருளை மறந்து, அவனை ஆயத்தமில்லாதவனாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆறாம் படி: அளவைச் சொல்லப் பழகுங்கள்

ஆயத்தக் குறைவுக்கு அளவு உண்டு. செய்தது போதவில்லை என்றால் ‘அண்டர்-பிரிப்பேர்ட்’. செய்த விதமே சரியில்லை என்றால் ‘இல்-பிரிப்பேர்ட்’. ஒன்றுமே இல்லை, அல்லது வந்த விடயத்துக்கென்று எதுவும் இல்லை என்றால் ‘அன்-பிரிப்பேர்ட்’. அறிவும் முன்னெச்சரிக்கையும் இருந்தும் கருவியோ ஆளோ பணமோ இல்லை என்றால், அது வேறு சொல்: ‘இல்-எக்விப்ட்’.

இந்த வேறுபாட்டைப் பயிற்றுவிக்க 1942 ஏப்ரலைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ராடார் எச்சரிக்கை கிடைக்காததால், இரத்மலானையில் இருந்த போர் விமானிகள் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே நிலைமையை உணர்ந்தார்கள். ‘தே வேர் காட் அன்-பிரிப்பேர்ட்’ என்று எழுதலாம். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று திருகோணமலையின் முறை. இங்கே ராடார் முன்கூட்டியே கண்டுகொண்டது. சீனன்குடாவிலிருந்து விமானங்கள் எழும்பிவிட்டன. துறைமுகத்துக் கப்பல்களில் பெரும்பாலானவை முந்தைய இரவே வெளியே அனுப்பப்பட்டிருந்தன. தளத்துக்குப் பெருஞ்சேதம் ஏற்பட்டது உண்மை. ஆனால் ‘திருகோணமலை அன்-பிரிப்பேர்ட்’ என்று எழுதினால் அது வரலாற்றுப் பிழை.

அப்படி வெளியேறிய கப்பல்களில் ஒன்று ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கி. அதில் விமானங்கள் இருக்கவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் குண்டுவீச்சில் அது மூழ்கியது. 307 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு ஆபத்து தெரியும், கட்டளையும் கிடைத்திருந்தது. தற்காத்துக்கொள்ளத் தேவையான விமானங்கள்தாம் இல்லை. அந்த மாலுமிகளை ‘அன்-பிரிப்பேர்ட்’ என்பது அநியாயம். ‘இல்-எக்விப்ட்’ என்பதே பொருந்தும்.

அளவைக் கூட்டிச் சொல்ல ‘டோட்டலி’, ‘கம்ப்ளீட்லி’ ஆகியவை இயல்பாக இணையும். ‘வோஃபுலி’ என்ற அடை வேறு வகை. அது வெறும் அளவன்று, கண்டனம். ‘வோஃபுலி அன்-பிரிப்பேர்ட்’ என்று ஒரு நாளிதழ் எழுதினால் பொறுப்பில் இருந்தவர்களைக் குற்றம் சாட்டுகிறது என்று கொள்ளுங்கள். வகுப்புத் தோழனைப் பற்றிச் சொல்ல அதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஏழாம் படி: பழி எங்கே விழுகிறது என்று பாருங்கள்

சுற்றுலாப் பயணிகள் நம் ஊரில் கட்டாயம் கேட்கும் கேள்விகளில் சுனாமி ஒன்று. ‘வேர் பீப்பிள் ஹியர் அன்-பிரிப்பேர்ட்?’ என்று கேட்பார்கள். தலையாட்டி ‘யெஸ்’ என்று முடித்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். அந்த ‘யெஸ்’ எனக்கு மனவருத்தம் தருகிறது.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்ததற்கும் கிழக்குக் கரையை அலை தொட்டதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவருக்கு எந்த வழியில் செய்தி வந்திருக்க முடியும்? ‘பீப்பிள் வேர் அன்-பிரிப்பேர்ட்’ என்றால் சொல்லளவில் சரி, கேட்பவர் மனத்தில் பழி மக்கள்மேல் படிந்துவிடும். ‘வி ஹேட் நோ வார்னிங்’ என்று சொல்லுங்கள். தொடர்ந்து, ‘த வோல் ரீஜன் வாஸ் அன்-பிரிப்பேர்ட் ஃபார் எ சுனாமி’ என்று சேர்க்கலாம். எழுவாய் மாறியதும் பழியும் தனக்குரிய இடத்துக்குப் போய்விடுகிறது. இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதையும் விருப்பமிருந்தால் சொல்லுங்கள்.

எட்டாம் படி: எந்த வினையோடு சேர்ப்பது?

‘பி’ வினையின் வடிவங்களான ‘ஆம், இஸ், வாஸ், வேர்’ பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவை வேறு சில. ‘கேட்ச்’ சேர்ந்தால் திடீரென்று அகப்படுதல்: ‘த ரெயின் காட் அஸ் அன்-பிரிப்பேர்ட்’. மாரி தொடங்கும் ஐப்பசியில் குடையில்லாமல் கன்னியாவுக்குப் போனவர்கள் இதைச் சொல்லலாம். ‘கம்’ சேர்ந்தால் ஆயத்தமின்றி வந்து நிற்றல்: ‘ஹி கேம் டு த இன்டர்வியூ அன்-பிரிப்பேர்ட்’. ‘ஃபீல்’ சேர்ந்தால் அது உள்ளுணர்வு மட்டுமே. உண்மையில் ஆயத்தமாக இருக்கும் ஒருவரும் ‘ஐ ஃபீல் அன்-பிரிப்பேர்ட்’ என்று சொல்லலாம்.

நேர்முகப் பரீட்சையில் இந்த ‘ஃபீல்’ வேண்டாம். தெரியாத கேள்வி வந்தால் ‘சாரி, ஐ ஆம் அன்-பிரிப்பேர்ட்’ என்று சொல்லிக் கதவை மூடிக்கொள்ளவும் வேண்டாம். ‘ஐ ஹேவ் நாட் பிரிப்பேர்ட் ஃபார் தேட் க்வெஸ்ச்சன், பட் மே ஐ ட்ரை?’ என்று கேளுங்கள். செயலைச் சொல்லும் வடிவம் அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடும், உங்கள் தகுதியைத் தொடாது. கேட்பவர் அநேகமாக அனுமதிப்பார்.

பயிற்சி

தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதிய பின் கீழே பாருங்கள்.

உங்கள் படகு இன்னும் ஆயத்தமில்லை. பாதி விலைக்கு மீனை விற்க நான் ஆயத்தமில்லை. மீனவர்கள் கச்சான் காற்றை எதிர்பாராமல் அகப்பட்டுக்கொண்டார்கள். வைத்தியர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, மருந்துதான் இருக்கவில்லை. அவள் நன்றாகப் படித்தாள், ஆனால் போதவில்லை.

முதலாவதில் ‘நாட் ரெடி யெட்’ வரவேண்டும். இரண்டாவதில் ‘நாட் பிரிப்பேர்ட் டு செல்’. மூன்றாவதில் ‘காட் அன்-பிரிப்பேர்ட்’. நான்காவது ‘இல்-எக்விப்ட்’. ஐந்தாவது ‘அண்டர்-பிரிப்பேர்ட்’, பின்னால் எதற்கு என்பதையும் ‘ஃபார்’ சேர்த்து எழுதியிருந்தால் முழு மதிப்பெண். மூன்றாவதை எழுதும்போது இறுதியில் ‘பை’ போட்டு, காற்றையும் சேர்த்திருந்தீர்களானால் அதுவும் சரி: ‘த ஃபிஷர்மென் வேர் காட் அன்-பிரிப்பேர்ட் பை த வின்ட்’. ‘காட்’ வந்துவிட்டால் ‘பை’யும் வரலாம், வராவிட்டால் ‘ஃபார்’.